ஒரு கரண்டி சேற்றில் எத்தனை பெயர்?

கடல் உயிரியல் படிக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "டால்பின் பார்த்திருக்கியா?" அடுத்த கேள்வி, "சுறா கிட்ட மாட்டியிருக்கியா?" இரண்டுக்கும் இல்லை என்றதும் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும் பாருங்கள்! எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்காக நான் மாதக்கணக்கில் பார்த்தது சேறு. கடற்புல் வேருக்கு நடுவில் இருக்கிற சேறும், அதற்குள் வாழும் இறாலின் தூரத்துச் சொந்தக்காரர்களும்தான். பெரும்பாலானவை ரவை அளவுகூட இருக்காது.

அவற்றைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. அவற்றின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லா வில்லங்கமும். அதைப்பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடற்புல். பலர் நினைப்பதுபோல் அது பாசி இல்லை. பாசிக்கு உண்மையான வேரும் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கவும் செய்யும். கடல்தாழை என்றும் சொல்வார்கள். அலை அடங்கிய, ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் இது வயல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கு இதுதான் தீவனம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது கடற்புல்லுக்கும் கொஞ்சம் பேர் கிடைத்தது. அதற்கு அடியில் இருக்கிற சேற்றைப்பற்றி யாரும் பேசவில்லை. சேறுதானே!

அந்தச் சேற்றை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு நிறம். அதற்குக் கீழே கருப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதாவது கீழே ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. கடற்புல்லின் வேர்களிலிருந்து கொஞ்சம் ஆக்ஸிஜன் கசிவதால் வேரைச் சுற்றி மட்டும் நிலைமை சற்றுப் பரவாயில்லை. நூற்புழுக்கள் கருப்புச் சேற்றிலும் சமாளித்துக்கொள்ளும். நம் ஓட்டுடலி நண்பர்களில் பெரும்பாலோருக்கு அது ஒத்துவராது. மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள்தான் கூட்டம்.

இவற்றைப் பிடிக்கிற கருவி என்ன தெரியுமா? நுனியை வெட்டி எறிந்த பிளாஸ்டிக் சிரிஞ்ச். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, இலைகளை விலக்கி, சிரிஞ்சைச் சேற்றில் குத்தி பிஸ்டனை மெல்ல இழுக்க வேண்டும். வேர் குறுக்கே வந்தால் உள்ளே இறங்காது. மறுபடி குத்து.

எடுத்த சேற்றில் முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலை ஊற்றினால் பிராணிகள் மயங்கிப் பிடியை விட்டுவிடும். பிறகு செய்வது அரிசியில் கல் அரிக்கிற வேலையேதான், பலன் மட்டும் தலைகீழ். தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, மணல் கீழே தங்க, மேலே மிதப்பதைச் சல்லடையில் சாய்க்க வேண்டும். நாலைந்து முறை. முதல் சல்லடையின் கண் அரை மில்லிமீட்டர். அடுத்ததன் கண் 63 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். முதலாவதில் ஒழுகி இரண்டாவதில் தங்குகிற கூட்டத்துக்கு மெய்யோஃபானா என்று பெயர். இங்கிலாந்தில் பிளிமத் கடலடியை ஆராய்ந்த மோலி மேர் 1942-ல் இந்த அளவுப் பிராணிகளுக்கு மெய்யோபெந்தாஸ் என்று பெயரிட்டார். பெரியதுமில்லை, மிகச் சிறியதுமில்லை, இடைப்பட்ட அளவு.

அரித்து முடித்ததும் கீழே தங்கிய மணலைக் கொட்டிவிடக் கூடாது. சுண்ணாம்பு ஓடு உள்ள சில பிராணிகள் கனமாக இருப்பதால் மணலோடு தங்கிவிடும். அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

கடைசியாக ரோஸ் பெங்கால் என்ற சாயம். உடல் உள்ளதெல்லாம் ரோஜா நிறத்தில் மாறிவிடும். மக்கிய இலைத் துணுக்குகளுக்கு நடுவே பிராணிகளைத் தேட இது இல்லாவிட்டால் கண் போய்விடும்.

இனி மைக்ராஸ்கோப். முதல் வாரம் சந்தோஷமான வாரம். ஏனென்றால் பெரிய பிரிவுகளைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை, அரை நாளில் கண் பழகிவிடும்.

பக்கவாட்டில் நசுங்கி, முதுகு வளைந்து கிடந்தால் ஆம்பிபாட். கரையில் ஒதுங்கிய பாசிக் குவியலைப் புரட்டினால் துள்ளி ஓடுமே, அந்த வகை. மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டையாக இருந்தால் ஐசோபாட். தோட்டத்தில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் மரப்பேன் இதன் தரைவாழ் உறவு. முன்பக்கம் உப்பி, பின்பக்கம் வால்போல் ஒல்லியாக, தலைப்பிரட்டை சாயலில் இருந்தால் குமேசியன். நீளக் குழாய் உடம்பும் முன்னால் நண்டுக்கு இருப்பதுபோல் ஒரு ஜோடி கொடுக்கும் இருந்தால் டனெய்டு. இரண்டு ஓடு மூடிய, கசகசா போன்ற ஒன்று தென்பட்டால் ஆஸ்ட்ரகாட். ஏறக்குறைய 45 கோடி வருடத்துப் பாறைகளிலும் இதன் ஓடு கிடைக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் பாறையின் வயதை அறிய இதையும் தேடுவார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிக்கையில் தூக்கிச் சாப்பிடுவது ஹார்பாக்டிகாய்டு என்ற துடுப்புக்காலி. கடலடிச் சேற்றில் பொதுவாக நூற்புழுவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சில இனங்கள் மணல் துகள்களுக்கிடையே நெளிந்து போக வசதியாக ஒல்லியாக இருக்கும். போர்செல்லிடியம் போன்றவை பாசி, கடற்புல் இலைகளில் ஒட்டிக்கொள்ள வசதியாக மீன் செதில்போல் தட்டையாக இருக்கும். பெண் என்றால் வயிற்றோரம் முட்டைப்பை தொங்கும். ஆணின் முன் உணர்கொம்பு, பெண்ணைப் பிடித்துக்கொள்ள வாகாக மடங்கும்.

"இது ஹார்பாக்டிகாய்டு" என்று சொல்கிறவரை எல்லாம் சுகம். எந்த ஹார்பாக்டிகாய்டு என்று கேட்டால்தான் தலைவலி ஆரம்பம்.

அதற்கு அரை மில்லிமீட்டர் பிராணியைக் கூறு போட வேண்டும். கிளிசரின் சொட்டில் அதை வைத்து, பூச்சிகளைக் குத்தி வைக்கும் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஜோடிக் காலாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு காலிலும் எத்தனை கணு, ஒவ்வொரு கணுவிலும் எத்தனை முள், எத்தனை மயிர் என்று எண்ண வேண்டும். முதல் நான்கு ஜோடிக் கால்களுக்கும் இப்படி ஒரு கணக்கு எழுதினால் அதுதான் அந்தப் பிராணியின் ஜாதகம். ஐந்தாவது கால் தனி. அது நீந்த உதவாத சின்னத் தகடு, ஆனால் இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதன் வடிவம் மாறும் என்பதால் பல இடங்களில் அதுதான் தீர்ப்புச் சொல்லும். கழற்றிய கால்களைக் கண்ணாடித் தகட்டில் வரிசையாக வைத்து மூடி, ஓரத்தை நெயில் பாலிஷ் போட்டு அடைக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துச் செய்யும் வேலை. தும்மினால் ஒரு ஸ்பீசீஸ் போயே போச்சு! (ஆமாம், ஹாஸ்டலில் நெயில் பாலிஷ் வாங்கி வந்ததற்காக என்னை ஓட்டியவர்களுக்கு இதுதான் பதில் :-))

சரி, கால் கணக்கு கையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகம் வேண்டுமே?

இங்கேதான் கதை கொஞ்சம் பின்னோக்கிப் போகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சிப்பிகள் ஏன் திடீர் திடீரென்று காணாமல் போகின்றன என்று கண்டுபிடிக்க, லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை இலங்கை அரசு அழைத்தது. அவர் 1902-ல் வந்தார், சிப்பியோடு நிற்காமல் கண்ணில் பட்ட உயிரையெல்லாம் சேகரித்தார். அதில் கிடைத்த துடுப்புக்காலிகளை தாம்ப்ஸனும் ஆண்ட்ரூ ஸ்காட்டும் 1903-ல் விவரித்தார்கள். ஆம்பிபாடுகளை வாக்கர், குமேசியன்களை கால்மன், ஐசோபாடுகளை ஸ்டெப்பிங் என்று ஆளுக்கொரு பிரிவு. முத்து தேடப் போய், எங்கள் பக்கத்துக் கடலின் சின்னப் பிராணிகளுக்கு முதல் பெயர்ப் பட்டியல் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த அறிக்கையைத்தான் இன்னும் புரட்டுகிறோம். ஆனால் அந்தக் காலத்து விவரிப்பு சுருக்கமானது. இன்று நாங்கள் தேடுகிற முள் கணக்கு முழுதாக இருக்காது.

அதன்பின் 1948-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லாங், அதுவரை உலகில் தெரிந்த ஹார்பாக்டிகாய்டு எல்லாவற்றையும் ஒரே நூலாக்கினார். ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல், அதுவும் ஜெர்மனில்! நம் பக்கத்தில் வெல்ஸும் ஜி.சி. ராவும் சேர்ந்து 1987-ல் அந்தமான் நிக்கோபார் கரையோர ஹார்பாக்டிகாய்டுகள் பற்றி ஒரு நூல் தந்தார்கள். அதே வெல்ஸ் 2007-ல் உலக ஹார்பாக்டிகாய்டுகளுக்கான திறவுகோலை வெளியிட்டார். திறவுகோல் என்றால் "முதல் காலில் இது இருக்கிறதா? இருந்தால் 5-க்குப் போ, இல்லாவிட்டால் 9-க்குப் போ" என்று நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் கேள்விப் பட்டியல்.

அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. திறவுகோலுக்குள் நுழைந்துவிட்டால் அது எப்படியும் உங்களை ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். உங்கள் கையில் இருக்கும் பிராணி அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை என்றாலும், அதற்கு மிக அருகில் இருக்கிற வேறொன்றின் பெயரைத் தந்துவிடும். வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் ஏதோ ஒரு தெருவைக் கைகாட்டுவாரே ஒருவர், அந்த மாதிரி.

இதற்குச் சரியான உதாரணம் லெப்டோகீலியா டூபியா என்ற டனெய்டு. 1842-ல் டென்மார்க்கின் க்ரோயர் பிரேசில் மாதிரியை வைத்து விவரித்தது. அதன்பின் உலகத்தில் எந்தக் கடலோரத்தில் இந்தச் சாயலில் ஒரு டனெய்டு அகப்பட்டாலும் இந்தப் பெயரையே எழுதினார்கள். பசிபிக்கில் டூபியா, இந்தியப் பெருங்கடலில் டூபியா. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை: இது எப்படிப் பயணம் செய்தது? டனெய்டு முட்டையைத் தாயின் வயிற்றுப் பையிலேயே வைத்துப் பொரிக்கும். வெளியே வரும் குஞ்சு கிட்டத்தட்ட தாயின் சாயலில்தான் இருக்கும், சேற்றிலேயே இறங்கிவிடும். கடலில் மிதந்து போகும் லார்வா பருவமே கிடையாது. மிதக்கும் பாசியிலோ கப்பலிலோ தொற்றிக்கொண்டால்தான் உண்டு. இப்படிப்பட்ட பிராணி உலகம் முழுக்க ஒரே இனமாக இருக்க முடியுமா? பிற்காலத்தில் பிரிட்டனின் ரோஜர் பாம்பர் போன்ற டனெய்டு நிபுணர்கள் உட்கார்ந்து முள் முள்ளாக ஒப்பிட்டு, இந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், டூபியா என்ற லத்தீன் சொல்லுக்கு "சந்தேகத்துக்குரியது" என்று அர்த்தம். பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது!

என் மாதிரியிலும் இந்தச் சாயலில் ஒரு டனெய்டு இருந்தது. என் பட்டியலில் அதை "லெப்டோகீலியா ஸ்பீசீஸ் 1" என்று எழுதினேன். ஹார்பாக்டிகாய்டுகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். சிலது குடும்பப் பெயரோடு நின்றது.

லேபில் இருக்கும் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, லிஸ்ட் முழுக்க ஸ்பீசீஸ் 1, ஸ்பீசீஸ் 2-ன்னு ரேஷன் கடை க்யூ மாதிரி இருக்கு? பழைய தீசிஸ்ல எல்லாம் முழுப் பேர் இருக்கே. அதையே போட்டுட்டுப் போ. எவன் வந்து காலை எண்ணப் போறான்?" என்றார்.

அக்கா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முழுப்பெயர் உள்ள பட்டியல் பார்க்க லட்சணமாக இருக்கும். பேப்பர் போடலாம். வைவாவில் எக்ஸ்டர்னலும் கிட்டத்தட்ட இதையே கேட்டார்: "இவ்வளவு நாள் உட்கார்ந்து ஃபேமிலி வரைக்கும்தான் வந்தீங்களா?"

நான் சொன்ன பதில் இதுதான். பிரேசில் பிராணியின் பெயரை பாக் விரிகுடா பிராணிக்கு எழுதிவிட்டால், நாளைக்குப் பட்டியலைப் பார்க்கிறவர் "ஓ, இது எல்லா ஊரிலும் இருப்பதுதானே" என்று தாண்டிப் போய்விடுவார். இந்தச் சேற்றில் மட்டுமே வாழ்கிற ஒன்று இருந்தாலும், அது அந்தப் பெயருக்கு அடியில் புதைந்துவிடும். அந்த இடத்தை நாளைக்குத் தூர்த்தாலும், இழுவை மடி வந்து உழுதாலும் எதையோ இழந்தோம் என்பதற்குக் கணக்கே இருக்காது. பெயர் போடாமல் விட்டால், "இங்கே பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது" என்றாவது அடுத்தவருக்குத் தெரியும்.

உடனே, பெயரே வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படியும் ஒரு காலத்தில் முயன்றிருக்கிறார்கள். 1981-ல் ரஃபேலி, மேசன் என்ற இருவர், நூற்புழு எண்ணிக்கையைத் துடுப்புக்காலி எண்ணிக்கையால் வகுத்தால் கடற்கரை மாசைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். மாசு கூடினால் ஆக்ஸிஜன் குறையும், துடுப்புக்காலி சாகும், புழு பிழைக்கும் என்பது கணக்கு. ஸ்பீசீஸ் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் மணல் துகளின் அளவு மாறினாலே அந்த விகிதம் மாறிவிடுகிறது, துடுப்புக்காலிகளுக்குள்ளேயே மாசைத் தாங்குகிறதும் உண்டு, தாங்காததும் உண்டு என்று அடுத்து வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யார் யார் என்று தெரியாமல் தலையை மட்டும் எண்ணினால் இதுதான் சிக்கல்.

பார்வைக்கு ஒன்றாக இருப்பதும் போதாது. இத்தாலியில் பத்தாலியா குழுவினர் டிஸ்பி என்ற ஹார்பாக்டிகாய்டை வளர்த்து ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரே அச்சாகத் தெரிந்த கூட்டங்கள் சில, ஒன்றோடொன்று சேர்ந்து சந்ததி தரவில்லை. நம் கண்ணுக்கு ஒன்று, அவற்றுக்கு வேறு வேறு.

"இப்பதான் டிஎன்ஏ வந்தாச்சே, மெஷினில் போட்டால் பெயர் வந்துவிடாதா?" என்று பயோடெக் நண்பர்கள் கேட்பார்கள். டிஎன்ஏ வரிசை வரும், பெயர் வராது! அந்த வரிசையை ஒப்பிட, ஏற்கெனவே சரியாக அடையாளம் கண்ட பிராணியின் வரிசை சேமிப்பில் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் கால் எண்ணி, பெயர் உறுதி செய்து, அதன்பின் அதே பிராணியின் டிஎன்ஏவைப் பதிந்திருக்க வேண்டும். நம் கடல் சேற்றில் அந்த முதல் வேலையே மிச்சம் கிடக்கிறது. தப்புப் பெயரோடு பதிந்தால் தப்பு இன்னும் வேகமாகப் பரவும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, இந்த ரவைகளால் யாருக்கு என்ன லாபம்? வீட்டில் அம்மாவும் இதைத்தான் கேட்டார். கடற்புல் இலைமேல் பாசி படர்ந்தால் வெளிச்சம் கிடைக்காமல் புல் நலிந்துவிடும். அந்தப் பாசியை மேய்ந்து இலையைத் துடைத்து வைப்பவர்களில் ஆம்பிபாடும் ஐசோபாடும் முக்கியமானவை. அமெரிக்காவில் வர்ஜீனியா கடற்புல் படுகையில், இவற்றை மட்டும் விரட்டும் மருந்தை பிளாஸ்டர் கட்டியில் கலந்து வைத்துப் பார்த்தார்கள் (2013-ல் முடிவு வெளியானது). மேய்பவர்கள் போனதும் இலையில் பாசி கூடியது. 2016-ல் மெக்ஸிகோவில் இன்னொரு ஆச்சரியம். தலாசியா என்ற கடற்புல்லின் மகரந்தத்தை சின்ன ஓட்டுடலிகளும் புழுக்களும் பூவுக்குப் பூ கொண்டு சேர்ப்பதைக் கண்டார்கள். கடலுக்குள் தேனீ வேலை! நம் பாக் விரிகுடா கடல்குதிரைக்கும் தினசரிச் சாப்பாடு இந்த வகைப் பிராணிகள்தான்.

இப்போது பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அழிந்த இடங்களில் கடற்புல் நட்டு வருகிறார்கள். நல்ல வேலை. நட்டது பிழைத்ததா என்று பார்க்கத் தளிர் எண்ணுவார்கள், இலை நீளம் அளப்பார்கள். புல் வந்த இடத்துக்குப் புல்லின் குடித்தனக்காரர்களும் வந்தார்களா என்று யார் சொல்வது? நீந்தத் தெரிந்தவை சீக்கிரம் வந்துவிடும். முட்டையை வயிற்றுப் பையில் சுமக்கிற டனெய்டு சேறு வழியாகத்தான் ஊர்ந்து வர வேண்டும். வந்தது பழைய குடித்தனக்காரரா, புதிதாக யாராவதா என்று கேட்டால், பழையவர் யார் என்று முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் இந்தப் பட்டியல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஸ்பீசீஸ் 1" என்பது சோம்பேறிகளுக்கும் வசதியான ஒளிவிடம். பார்க்காமலே எழுதிவிடலாம். அதனால் எனக்கு நானே சில விதி வைத்துக்கொண்டேன். பெயர் போடாமல் நிறுத்தினால் எந்த உறுப்பைப் பார்த்து நிறுத்தினேன் என்று எழுத வேண்டும். அந்த உறுப்பின் படம் வரைந்திருக்க வேண்டும். கண்ணாடித் தகடு பத்திரமாக இருக்க வேண்டும். பாட்டிலில் இடம், தேதி, ஆழம், என்ன கடற்புல் எல்லாம் எழுதி, பாட்டிலுக்குள்ளேயும் ஒரு சீட்டு போட வேண்டும். அதுவும் பென்சிலில்! ஆல்கஹாலில் பேனா மை கரைந்துவிடும். மேலே ஒட்டிய லேபிள் எப்போது வேண்டுமானாலும் உரிந்து விழும்.

ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. தகடுகளும் பாட்டில்களும் லேபில் ஜன்னலோர அலமாரியில், கீழிருந்து இரண்டாவது தட்டில், பச்சை மூடி டப்பாவில் இருக்கின்றன. படங்கள் அதன்கூடவே ஒரு ஃபைலில். ஜூனியர்களில் யாருக்காவது பொறுமையும் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலும் இருந்தால், அந்த டனெய்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கொடுக்கு உள்ள ஆண் இரண்டும், முட்டைப்பையோடு பெண் ஐந்தும் தனிச் சின்னக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மாதம் ஒரு தடவை ஊற்றி நிரப்பச் சொல்லியிருக்கிறேன். அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.